எல்லைக்கு இருபுறமும் வங்காளிகள்: எது பொது, எது பொதுவல்ல

மேற்கு வங்காளத்தவரும் வங்கதேசத்தவரும் ஒரே மொழி பேசுகிறார்கள், ஒரே கவிஞரின் பாடல்களைப் பாடுகிறார்கள். அப்படியானால் அவர்களை ஒரே இனத்தார் என்று கொள்ளலாமா, கொள்ளலாம் என்றால் அவர்கள் ஏன் ஒன்றுசேர விரும்புவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். வேலூரில் சிகிச்சைக்கு வரும் இரு நாட்டு வங்காளிகளும் ஒரே தெரு விடுதிகளில் தங்கி, வங்க எழுத்தில் பலகை வைத்த ஒரே உணவகங்களில் சாப்பிடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பே.

மொழி, பாட்டு, உணவு, நாட்டார் வழிபாடு ஆகியவற்றைக் கொண்டு பார்த்தால் அவர்கள் ஒரே மக்கள்தான். இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பொதுப் பண்பாடு கிழக்கில் ஒரு நாட்டையே உருவாக்கும் கருவியாயிற்று. மேற்கிலோ, பெரிய நாடொன்றின் மாநிலத்தவர் முன்னோரிடமிருந்து பெற்ற சொத்தாக அது நின்றது. ஒன்றையே இரு வேறு வேலைகளுக்குப் பயன்படுத்திய இரண்டு சமூகங்கள், முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒன்றையொன்று பார்க்கும்போது நெருக்கமும் அந்நியமும் ஒருசேர எழுகின்றன.

ஒரு பாட்டின் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். அதில் இந்தச் சிக்கல் முழுவதும் இருக்கிறது. 1905 அக்டோபர் 16 அன்று கர்சன் பிரபுவின் ஆட்சி வங்காள மாகாணத்தை இரண்டாகப் பிரித்தது. அதை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கத்தின்போது ரவீந்திரநாத் தாகூர் எழுதிய பாடல்களில் ஒன்று 'ஆமார் ஷோனார் பாங்ளா' ('என் பொன் வங்கமே'). தாகூர் குடும்பத்துக்குக் கிழக்கு வங்காளத்தில் ஜமீன்கள் இருந்தன. இன்றைய குஷ்டியா மாவட்டத்தில் உள்ள ஷிலாய்தஹாவில் அவர் நெடுங்காலம் தங்கியிருந்தார். அந்த வட்டாரத்தில் தபால் கொண்டுவந்த ககன் ஹர்கரா என்ற பாவுல் (வங்கத்து நாட்டார் ஞானப் பாடல் மரபு) பாடகரின் மெட்டில்தான் இந்தப் பாட்டை அமைத்தார். மெட்டு கிழக்கு வங்காளத்துத் தபால்காரருடையது, சொற்கள் கொல்கத்தா ஜமீன் குடும்பத்துக் கவிஞருடையவை. அன்று பிரிவினையை முன்னின்று எதிர்த்தவர்கள் பெரும்பாலும் 'பத்ரலோக்' எனப்படும், கொல்கத்தாவை மையமாகக் கொண்ட, படித்த மேல்சாதி இந்துக்கள். கிழக்கில் இருந்த முஸ்லிம்களில் பலரோ, டாக்கா தலைநகராகும், தங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பும் அரசு வேலையும் கிடைக்கும் என்று அந்தப் பிரிவினையை வரவேற்றார்கள். 1906 டிசம்பரில் முஸ்லிம் லீக் பிறந்ததும் டாக்காவில்தான். 1911இல் பிரிவினை ரத்து செய்யப்பட்டபோது கொல்கத்தா கொண்டாடியது; டாக்காவில் பலர் தங்களுக்குக் கிடைத்தது பறிக்கப்பட்டதாக உணர்ந்தார்கள்.

அப்படிப்பட்ட பாட்டைக் கிழக்கு வங்காளத்து முஸ்லிம்கள் பின்னாளில் தங்கள் நாட்டுப்பண்ணாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் 1947 முதல் 1971 வரை அவர்களை ஆண்ட பாகிஸ்தான் ஆட்சியாளர்களே. 1961இல் தாகூர் நூற்றாண்டு விழாவை அயூப்கான் அரசு விரும்பவில்லை. அந்த வெறுப்புக்கு எதிர்வினையாக அதே ஆண்டு டாக்காவில் சாயாநௌட் என்ற இசை அமைப்பு தோன்றியது. 1967இல், பாகிஸ்தானின் பண்பாட்டு விழுமியங்களுக்கு ஒவ்வாத தாகூர் பாடல்கள் வானொலியில் ஒலிபரப்பப்பட மாட்டா என்று தகவல் அமைச்சர் அறிவித்தார். அந்த ஆண்டு முதல் வங்கப் புத்தாண்டன்று விடியற்காலையில் டாக்காவின் ரம்னா பூங்காவில் மரத்தடியில் கூடி, தாகூர் பாடல்களைப் பாடும் வழக்கத்தைச் சாயாநௌட் தொடங்கியது. 2001இல் அந்தக் கூட்டத்தில் குண்டு வெடித்துப் பத்துப் பேர் இறந்த பிறகும், மறு ஆண்டு மக்கள் அதே இடத்தில் கூடினார்கள். கொல்கத்தாவில் தாகூரைப் பாடுவதற்கு யாரும் உயிரைப் பணயம் வைத்ததில்லை, டாக்காவில் வைத்தார்கள். 1971 போரில் அகதி முகாம்களிலும் விடுதலைப் படையினரிடையிலும் பாடப்பட்ட அந்தப் பாட்டின் முதல் பத்து வரிகள் வங்கதேசத்தின் நாட்டுப்பண் ஆயின.

பாட்டின் கதை அத்துடன் முடியவில்லை. 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனாவின் ஆட்சி வீழ்ந்த பிறகு, இது வங்கப் பிரிவினைக்கு எதிராக எழுதப்பட்ட பாட்டு, வங்கதேசம் என்ற தனி நாட்டுக்குப் பொருந்தாது, மாற்ற வேண்டும் என்று டாக்காவில் சிலர் குரல் எழுப்பினார்கள். அப்படியொரு எண்ணமில்லை என்று இடைக்கால அரசு தரப்பில் கூறப்பட்டது. மறு ஆண்டு, 2025 அக்டோபரில், எல்லையின் இந்தப் பக்கத்தில் அசாமின் ஸ்ரீபூமி மாவட்டத்தில் ஒரு காங்கிரஸ் கூட்டத்தில் முதியவர் ஒருவர் அதே பாட்டைப் பாடினார். வேறொரு நாட்டின் நாட்டுப்பண்ணைப் பாடினார் என்று வழக்குப் பதிவு செய்ய மாநில முதலமைச்சர் உத்தரவிட்டார். முன்பு கரீம்கஞ்ச் என்றிருந்த அந்த மாவட்டத்துக்கு 2024இல் ஸ்ரீபூமி என்று பெயர் சூட்டியபோது, அந்த மண்ணைத் தாகூர் அப்படி அழைத்தார் என்பதையே அரசு காரணமாகச் சொன்னது. தாகூர் தந்த சொல் மாவட்டத்தின் பெயராகலாம், அவருடைய பாட்டு குற்றமாகலாம் என்ற இந்த நிலையில் எனக்கு வருத்தம் மட்டுமே இருக்கிறது.

இனி 1947க்கு வருவோம். அப்போது நடந்ததை 'ராட்க்ளிஃப் கோடு போட்டார், மக்கள் பிரிந்தார்கள்' என்று சுருக்கிச் சொல்வதுண்டு. கோடு எங்கே செல்வது என்பதை எல்லைக் குழுவின் தலைவரான அந்தப் பிரிட்டிஷ் வழக்கறிஞர் தீர்மானித்தார் என்பது உண்மை. வங்காளம் பிரிய வேண்டுமா என்பதற்கோ வங்காளிகளின் பிரதிநிதிகளே வாக்களித்தார்கள். 1947 ஜூன் 20 அன்று மேற்கு மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்கள் 58க்கு 21 என்ற கணக்கில் பிரிவினை வேண்டும் என்றும், கிழக்கு மாவட்டங்களின் உறுப்பினர்கள் 106க்கு 35 என்ற கணக்கில் வேண்டாம் என்றும் வாக்களித்தார்கள். 1905இல் நடந்ததற்கு இது நேர்மாறு. அன்று மாகாணம் பிளவுபடக் கூடாது என்று தெருவில் இறங்கிய அதே பத்ரலோக் வகுப்பு, 1937 முதல் முஸ்லிம் பிரதமர்களின் (மாகாண ஆட்சித் தலைவர்களின்) கீழ் மாகாணம் ஆளப்பட்டதையும், 1946இல் கொல்கத்தாவிலும் நவகாளியிலும் ஓடிய இரத்தத்தையும் பார்த்தபின் பிரிவினையைக் கேட்டது. இந்துத் தலைவரான சரத் சந்திர போஸும் முஸ்லிம் லீக் தலைவர்களான சுஹ்ரவர்தியும் அபுல் ஹாஷிமும் முன்வைத்த தனி ஐக்கிய வங்காளத் திட்டம் சில வாரங்களிலேயே கைவிடப்பட்டது. இதன் அடியில் நிலவுடைமை இருந்தது. கிழக்கு வங்காளத்தில் உழுதவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஜமீன்தார்களிலும் வட்டிக்கடைக்காரர்களிலும் பெரும்பாலோர் இந்துக்கள். ஒரே மொழியில் பேசியும், ஒருவர் வீட்டுத் திண்ணையில் மற்றவர் சமமாக அமர முடியாத நிலை பல ஊர்களில் இருந்தது. இதை விட்டுவிட்டு 'வெள்ளையர் பிரித்தார்கள்' என்று மட்டும் எழுதுவது நேர்மையன்று.

எல்லைத் தீர்ப்பு வெளியானது சுதந்திரத்துக்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று. அதற்குள் முர்ஷிதாபாதில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் ஏறிவிட்டன. தீர்ப்பின்படி முஸ்லிம் பெரும்பான்மை கொண்ட முர்ஷிதாபாத் இந்தியாவுக்கும், இந்துக்கள் சற்றே அதிகமாக இருந்த குல்னா பாகிஸ்தானுக்கும் போயின. கொல்கத்தா துறைமுகம் இருக்கும் ஹூக்ளி ஆற்றுக்கு நீர் வரும் தலைப்பகுதி இந்தியாவிடம் இருக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. சணல் விளையும் வயல்கள் கிழக்கிலும், சணல் ஆலைகள் ஹூக்ளிக் கரையிலும் நின்றன. நாடியா மாவட்டத்திலிருந்து குஷ்டியா வெட்டி எடுக்கப்பட்டது.

கிழக்கில் வங்க அடையாளம் எப்படி அரசியலானது என்பது பலருக்கும் தெரிந்த கதை. சில செய்திகளை மட்டும் சொல்கிறேன். 1948 பிப்ரவரியில் பாகிஸ்தான் அரசமைப்பு அவையில் வங்க மொழிக்கு இடம் கேட்டவர் தீரேந்திரநாத் தத்தர் என்ற இந்து உறுப்பினர்; 1971இல் பாகிஸ்தான் படையினர் அவரைக் கோமில்லாவில் பிடித்துச் சென்று கொன்றார்கள். 1948 மார்ச் 21 அன்று டாக்காவில் பேசிய ஜின்னா, உருது மட்டுமே பாகிஸ்தானின் அரசு மொழி என்றார், நாட்டின் பெரும்பான்மையினர் பேசியது வங்க மொழியாக இருந்தும். 1952 பிப்ரவரி 21, 22 ஆகிய நாள்களில் டாக்காவில் வங்க மொழிக்கான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூடுகளில் இறந்தவர்களுள் அபுல் பர்கத் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பிறந்தவர்; ஷஃபியுர் ரஹ்மான் ஹூக்ளி மாவட்டத்துக் கொன்னகரில் பிறந்தவர். இருவரும் பிரிவினையை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்கே சென்றவர்கள். மேற்கு வங்க மண்ணில் பிறந்த முஸ்லிம் இளைஞர்கள், முஸ்லிம்களுக்கென உருவான நாட்டின் தலைநகரொன்றில் தாய்மொழிக்காக உயிர் விட்டார்கள் என்பது இரு தரப்புத் தேசியக் கதைகளுக்குள்ளும் எளிதில் அடங்காத உண்மை. யுனெஸ்கோ 1999இல் பிப்ரவரி 21ஐ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. பெட்ராபோல்–பெனாபோல் எல்லையில் இரு பக்கத்தவரும் அன்று கூடி மலர் வைத்ததுண்டு.

மொழிக்காக வங்காளிகள் உயிர் கொடுத்த இன்னொரு இடம் இந்தியாவுக்குள்ளேயே இருக்கிறது. அசாமிய மொழியை மட்டும் மாநில ஆட்சிமொழியாக்கிய சட்டத்தை எதிர்த்து, 1961 மே 19 அன்று பராக் பள்ளத்தாக்கின் சில்சர் ரயில் நிலையத்தில் அறப்போர் நடத்தியவர்களைப் போலீசார் சுட்டதில் பதினொரு பேர் இறந்தார்கள். அதன் பிறகே அங்கு வங்க மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது. வங்க அடையாளம் என்றால் கொல்கத்தாவும் டாக்காவும் மட்டுமே என்று நினைப்பவர்கள் இந்தப் பதினொருவரை மறந்துவிடுகிறார்கள். கொல்கத்தாவிலேயே மே 19ஐ நினைப்பவர்கள் சிலர்தான்.

மேற்கு வங்காளத்தில் வேறொன்று நடந்தது. கிழக்கிலிருந்து அலை அலையாக இந்துக்கள் வந்தார்கள்: 1947ஐ ஒட்டி, 1950 கலவரங்களுக்குப் பின், 1964இல், 1971இல். 1951 கணக்கெடுப்பில் கிழக்கு வங்காள மக்களில் 22 விழுக்காடாக இருந்த இந்துக்கள், 2022 கணக்கெடுப்பில் 8 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. வந்தவர்கள் ஜாதவ்பூர், பிஜய்கர் பக்கம் காலி நிலங்களில் குடியேறி, தாங்களே பள்ளியும் சாலையும் அமைத்துக் கொண்டார்கள். வசதியும் செல்வாக்கும் இல்லாத நாமசூத்திரர் போன்ற ஒடுக்கப்பட்ட சாதியினரைத் தண்டகாரண்யக் காடுகளுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து திரும்பி வந்து சுந்தரவனத்தின் மரிச்ஜாபி தீவில் குடியேறியவர்களை 1979இல் இடதுசாரி அரசே பலவந்தமாக அப்புறப்படுத்தியது. ஒரே மொழி பேசுபவர் என்பதால் மட்டும் எல்லா அகதிகளுக்கும் ஒரே வரவேற்பு கிடைத்துவிடவில்லை. கிழக்கத்தியரை 'பாங்கால்' என்றும் மேற்கத்தியரை 'கோட்டி' என்றும் பிரித்துப் பேசும் வழக்கம் கொல்கத்தாவில் இன்றுமுண்டு. 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணி அகதிகளின் பெருமையாகவும், மோகன் பகான் அணி மேற்கு வங்கப் பூர்வீகத்தாரின் பெருமையாகவும் ஆயின. முதல் அணி வென்றால் இலிஷ் மீனும், இரண்டாவது வென்றால் இறாலும் வாங்கிச் சமைப்பார்கள்.

இங்கே என் தீர்ப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாவில் படித்தவர்கள் வங்கதேசத்தைப் பற்றிப் பேசும்போது, 'அது நம்முடைய பழைய வீடு' என்ற பாசத்தோடு, 'நம் பண்பாட்டை அவர்கள் பின்பற்றுகிறார்கள்' என்ற பழைய மேட்டிமையும் கலந்து வருகிறது. நிலைமை நெடுநாளாகவே அப்படி இல்லை. வங்கதேசத்தில் அரசு அலுவலகங்களில் வங்க மொழியைக் கட்டாயமாக்கும் சட்டம் 1987இல் வந்தது. டாக்காவில் 1955இல் அமைந்த பாங்ளா அகாதமி அகராதிகளையும் நாட்டார் வழக்காற்றுத் தொகுப்புகளையும் தொடர்ந்து வெளியிட்டது. பிப்ரவரி மாதம் முழுவதும் நடக்கும் புத்தகக் காட்சிக்காகவே பதிப்பாளர்கள் ஆண்டெல்லாம் உழைக்கிறார்கள். கொல்கத்தாவிலோ, வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளில் இந்தியை இரண்டாம் மொழியாக எடுத்துப் படிப்பது வழக்கமாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலக்கியத்தின் பெருமை கொல்கத்தாவுக்கு உரியது என்பதில் மறுப்பில்லை. வங்க மொழியின் நாளைய வாழ்வோ டாக்காவைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. இந்த உண்மையை ஏற்றுக்கொள்ளாதவரை, பொதுப் பண்பாடு என்ற பேச்சு டாக்காக்காரர்களின் காதில் உரிமை கோரலாகத்தான் விழும்.

அப்படியானால் உண்மையிலேயே பொதுவாக எஞ்சியிருப்பது எங்கே? விழா மேடைகளைவிட, எல்லையை ஒட்டிய எளிய மனிதர்களின் தொழிலிலும் வழிபாட்டிலும் அதைத் தேடலாம் என்பேன். சுந்தரவனத்தின் பரப்பு ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் மூன்று பங்கு வங்கதேசத்தில், மீதி இந்தியாவில். தேன் எடுக்கவும் நண்டு பிடிக்கவும் காட்டுக்குள் போகிறவர்கள், இந்துவானாலும் முஸ்லிமானாலும், முதலில் வனபீபியை வணங்கிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். கதைப்படி அவள் மக்காவிலிருந்து தன் சகோதரன் ஷா ஜங்கலியோடு 'பதினெட்டு ஓதங்களின் நாட்டுக்கு' வந்தவள். புலியுருவில் மனிதரைத் தின்னும் தக்ஷிண்ராயை அடக்கி, காட்டுக்கும் மனிதருக்கும் எல்லை வகுத்தவள். ஏழைத் தாயின் மகன் துக்கே கைவிடப்பட்டு அலறியபோது ஓடி வந்து காத்தவள். அவள் கதை அச்சான சிறு நூல் வங்க எழுத்தில் இருந்தாலும், அரபு நூல்களைப் போல வலப்புறத்திலிருந்து பக்கம் புரட்டி வாசிக்கப்படும். சில ஊர்களில் அவள் சேலையும் கிரீடமும் அணிந்திருப்பாள், வேறு சில ஊர்களில் பின்னிய சடையும் பாவாடையும். பேராசையோடு காட்டுக்குள் வரக் கூடாது, தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அவள் விதி. எந்த அரசும் இந்த வழிபாட்டை உருவாக்கவில்லை, எந்த அரசாலும் இதை இரண்டாகப் பிரிக்கவும் முடியவில்லை. அதே கடலோரத்தில் மீன் பிடிப்பவர்கள் மட்டும் கண்ணுக்குத் தெரியாத நீர் எல்லையைத் தாண்டிவிட்டுச் சிறைக்குப் போகிறார்கள். 2025 ஜனவரியில் இந்தியர் 95 பேரும் வங்கதேசத்தவர் 90 பேரும் பரிமாறிக்கொள்ளப்பட்டார்கள்.

டாங்கைல் சேலையின் கதையும் இத்தகையது. மஸ்லின் நெசவுப் பரம்பரையில் வந்த பசாக் குலத்தார், டாக்கா வட்டாரத்திலிருந்து டாங்கைல் பக்கம் குடியேறி, ஜமீன்தார்களின் ஆதரவில் அந்தச் சேலையை வளர்த்தார்கள். 1947க்குப் பிறகு அவர்களில் பல குடும்பங்கள் நாடியா மாவட்டத்துப் ஃபுலியாவுக்கு வந்து அங்கே தறி போட்டன. மற்றவர்கள் டாங்கைலிலேயே இருந்து நெய்தார்கள். 2024 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் டாங்கைல் சேலைக்கு இந்தியா புவிசார் குறியீடு வழங்கியது. இந்தியப் பண்பாட்டு அமைச்சகம் அதைச் சமூக ஊடகத்தில் பெருமையோடு அறிவித்தபோது, 'டாங்கைல் எங்கள் மாவட்டம்' என்று வங்கதேசத்தில் கொதிப்பு எழுந்தது; அடுத்த மாதமே வங்கதேசமும் தன் டாங்கைல் சேலைக்குக் குறியீடு அளித்தது. ஊரின் பெயர் அங்கே இருக்கிறது, நெய்தவர்களில் பலரின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஒரு பொருளை ஒரு நிலத்தோடு மட்டும் கட்டிப்போடும் புவிசார் குறியீட்டுச் சட்டம், அகதிகளோடு இடம்பெயர்ந்த தொழில்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. இரு நாடுகளும் சேர்ந்து ஒரே விண்ணப்பம் அளித்திருந்தால் இரு பக்க நெசவாளர்களுக்கும் பயன் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

பாட்டிலும் இப்படித்தான். பாவுல் ஞானி லாலன் ஃபகீரின் சமாதி குஷ்டியாவின் சேவூரியாவில் இருக்கிறது. அவர் பாடல்களை நாடியா ஃபகீர்களும் பீர்பூம் பாவுல்களும் அதே ஈடுபாட்டோடு பாடுகிறார்கள். பவாயா எனப்படும் வட வங்காளத்து நாட்டுப்பாடல்களை இசைத்தட்டுகளில் பரப்பிய அப்பாசுதீன் அகமது கூச் பிகாரில் பிறந்து டாக்காவில் மறைந்தவர். பர்த்வான் மாவட்டத்துச் சுருலியாவில் பிறந்த காஜி நஸ்ருல் இஸ்லாமை 1972இல் டாக்காவுக்கு அழைத்துச் சென்றார்கள்; 1976இல் மறைந்த அவர் டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசல் அருகில் அடக்கம் செய்யப்பட்டு, வங்கதேசத்தின் தேசியக் கவிஞராகப் போற்றப்படுகிறார்.

வேறுபாடுகளைச் சொல்லும்போது ஒரு தவறான நினைப்பைக் களைய வேண்டும். நீரை வங்காளி இந்துக்கள் 'ஜோல்' என்பார்கள், முஸ்லிம்கள் 'பானி' என்பார்கள்; சித்தியை ஒருவர் 'மாஷி' என்றால் மற்றவர் 'காலா' என்பார். இவற்றை இந்திய வங்கம், வங்கதேச வங்கம் என்று பிரித்துக் காட்டுகிறவர்கள் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி மேற்கு வங்காளத்தில் 27 விழுக்காடு முஸ்லிம்கள். அவர்கள் வீடுகளிலும் 'பானி', 'காலா' என்பதே வழக்கு. இந்தக் கோடு சமயத்தை ஒட்டிச் செல்கிறது, நாட்டு எல்லையை ஒட்டியன்று. எல்லையால் உண்டான வேறுபாடு என்றால் நாள்காட்டியைச் சொல்லலாம்: வங்கதேசம் தன் வங்க நாள்காட்டியைச் சீர்திருத்திப் புத்தாண்டை ஏப்ரல் 14க்கு நிலைப்படுத்திவிட்டது, மேற்கு வங்காளத்தில் பஞ்சாங்கப்படி பெரும்பாலும் ஏப்ரல் 15.

வங்க அடையாளத்தின் நிழலில் நிற்பவர்களையும் விட்டுவிடக் கூடாது. 1972இல் வங்கதேச அரசமைப்பு நாட்டு மக்களை வங்காளிகள் என்று அறிவித்தபோது, மலைப்பகுதி உறுப்பினரான மானவேந்திர நாராயண் லார்மா, தான் சக்மா என்ற மலைவாழ் இனத்தவர், தன்னை வங்காளி என்று சொல்ல முடியாது என்று எதிர்த்து அவையிலிருந்து வெளியேறினார். பின்னர் அதிபர் ஜியாவுர் ரஹ்மான் காலத்தில் 'வங்கதேசத்தவர்' என்ற குடிமை அடையாளம் முன்னுக்கு வந்தது. இனமா, நாடா என்ற அந்த வழக்கு அங்கே இன்றும் கட்சி அரசியலாக நடக்கிறது. மேற்கு வங்காளத்திலும் 2017இல் பள்ளிகளில் வங்க மொழி கட்டாயம் என்ற அறிவிப்பு வந்தவுடன் நேபாளி பேசும் டார்ஜிலிங் மலை கொந்தளித்தது.

ஏன் ஒன்றுசேர விரும்பவில்லை என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு இப்போது விடை சொல்வது எளிது. ரத்தம் சிந்திப் பெற்ற நாட்டை, தில்லியின் கீழ் ஒரு மாநிலத்தின் பகுதியாக்க வங்கதேசத்தவர் எவரும் நினைக்க மாட்டார்கள். அங்கே 2022 கணக்குப்படி ஏறத்தாழ 17 கோடிப் பேர். மேற்கு வங்காளத்தில் 2011இல் 9 கோடிக்குச் சற்று மேல். இணைந்தால் தாங்கள் சிறுபான்மையாவோம் என்று 1947இல் பயந்த மேற்கு வங்க இந்துக்களுக்கு அந்தப் பயம் நீங்கக் காரணம் ஏதும் அமையவில்லை. நலன்களும் மோதுகின்றன. 1996இல் கங்கை நீர் ஒப்பந்தம் கையெழுத்தாக உதவியவர், நாராயண்கஞ்ச் பக்கத்துப் பாரோதியைப் பூர்வீகமாகக் கொண்ட அன்றைய மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு. 2011இல் தீஸ்தா ஆற்று நீர் ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் தடுத்தவர் அதே நாற்காலியில் இருந்த மம்தா பானர்ஜி. வட வங்காளத்து உழவர்களின் பாசன நீர் என்று வரும்போது, ரங்பூர் உழவர்களும் வங்காளிகள்தானே என்ற எண்ணம் வாக்குப் பெட்டியில் செல்லுபடியாகவில்லை.

மக்கள் தாமே தேர்ந்தெடுக்க வாய்ப்பு கிடைத்த ஒரு நிகழ்வும் உண்டு. கூச் பிகாரையும் ரங்பூரையும் சுற்றி, ஒரு நாட்டுக்குள் தீவுபோலச் சிக்கிக் கிடந்த மற்றொரு நாட்டின் துண்டு நிலங்கள் 162 இருந்தன. 2015 ஜூலை 31 நள்ளிரவில் அவை பரிமாறிக்கொள்ளப்பட்டன. குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றபோது, வங்கதேசத்துக்குள் இருந்த இந்திய நிலங்களிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. இந்தியாவுக்குள் இருந்த வங்கதேச நிலங்களிலிருந்து யாரும் போகவில்லை. ஐம்பதாயிரம் பேரில் ஏறக்குறைய எல்லோரும் தங்கள் வயலும் வீடும் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, எந்த நாடு அந்த மண்ணை ஆள்கிறதோ அதன் குடிமக்களானார்கள்.

எல்லை அழிய வேண்டும் என்று இன்று யாரும் கேட்கவில்லை. அதைக் கடக்கும் வழிகளையே கேட்கிறார்கள். 1965 போரோடு நின்ற கொல்கத்தா–டாக்கா ரயில், 2008இல் வங்கப் புத்தாண்டு நாளில் மைத்ரீ எக்ஸ்பிரஸாகத் திரும்ப ஓடியது. 2024 ஜூலையில் மறுபடி நின்றது. அதன் பின் விசாக்கள் குறைந்து, வேலூருக்கும் சென்னைக்கும் வந்துகொண்டிருந்த நோயாளிகளின் வரவும் சுருங்கியது. 2025 கொல்கத்தா புத்தகக் காட்சியில் வங்கதேச அரங்கம் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியில் தெரியவந்த தில்லிப் போலீசாரின் கடிதமொன்று, பிடிபட்டவர்களின் ஆவணங்களில் இருந்த வங்க மொழியை 'வங்கதேச மொழி' என்று குறிப்பிட்டது. முர்ஷிதாபாத், மால்டா, பீர்பூம் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த இந்தியக் குடிமக்கள் பேச்சை வைத்தே வெளிநாட்டவராகச் சந்தேகிக்கப்பட்டு, சிலர் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டு, நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பின்னரே திரும்ப முடிந்தது. இரு நாட்டுக்கும் பொதுவான மொழியை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதாக எண்ணியதால் நேர்ந்த கொடுமை இது. கட்டட வேலைக்காகவோ பின்னலாடை ஆலைக்காகவோ நம் ஊர்களுக்கு வரும் வங்காளித் தொழிலாளியிடம் நாம் முதலில் கேட்பதும், பெரும்பாலும், 'நீ எந்த நாடு' என்பதாகவே இருக்கிறது.